ஓடைக்கரைக் கடுகு

புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஏழரை மணிக்கு, எங்கள் மேலத்தெருவில் ஒரு வீடு தவிர நாற்பது வீடுகளிலும் நாற்பது தாளிப்புக் கரண்டிகளில் எண்ணெய் காய்ந்து, நாற்பது பெண்கள் மூன்று விரலால் கடுகைக் கிள்ளிப் போட்டுவிட்டு முகத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நின்றபோது, கடுகு வெடிக்கவில்லை. எண்ணெய் புகைந்தது, கடுகு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு கருகியது, ஒன்றுகூடத் துள்ளவில்லை. அந்த நாற்பது பேரில் நானும் ஒருத்தி. கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது, கைப்பக்குவம் போதாது என்று மாமியாரிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்த காலம், அதனால் என் தப்புத்தான் என்று நினைத்துக் கரண்டியைக் கழுவி மறுபடி எண்ணெய் ஊற்றினேன்.

முதலில் பழி மளிகைக் கடைக்காரர் மேல் விழுந்தது, பிறகு எண்ணெய் மேல், பிறகு கேஸ் சிலிண்டர் மேல். மூன்றாம் நாள் பக்கத்து ஊருக்குப் போன ஒருத்தி முந்தானையில் முடிந்து கொண்டுபோன கடுகை அங்கே அக்கா வீட்டு அடுப்பில் போட்டுப் பார்த்தாள், அது படபடவென்று வெடித்து அவள் கன்னத்திலேயே தெறித்தது, மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுவந்து இங்கே போட்டாள், ஊமையாகிவிட்டது. தெருமுனைக் குழாயடிதான் எல்லை என்று ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டோம், குழாய்க்கு அந்தப் பக்கம் வெடிக்கும், இந்தப் பக்கம் வெடிக்காது. இது ஏன் என்று ஒருவரும் ஒருவரைக் கேட்டுக்கொள்ளவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும்.

மேலத்தெருவுக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், கருமாதி நடக்கிற பதினாறாம் நாள் வரைக்கும் தெருவில் ஒரு வீட்டிலும் தாளிக்கக் கூடாது. உலை வைக்கலாம், பருப்பு வேகலாம், குழம்பு கொதிக்கலாம், ஆனால் கடுகு வெடிக்கக் கூடாது, ஏனென்றால் அரிசி வேகிறதும் குழம்பு கொதிக்கிறதும் சுவர் தாண்டிக் கேட்பதில்லை, கடுகு ஒன்றுதான் சமையல் முடிந்தது, சாப்பிட வாங்க என்று தெருவுக்கே சொல்லுகிற சாமான், பதினாறு நாளும் இங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிற ஆத்மா அதைக் கேட்டால், சரி, நம்மை மறந்துவிட்டார்கள் என்று மனசு விட்டுப் போய்விடுமாம். அதனால் குடிகாரன் செத்தாலும் கைக்குழந்தை செத்தாலும் பதினாறு நாள் தாளிக்காத குழம்பை முகம் சுளிக்காமல் தின்போம். செத்தவர்களுக்கு நாங்கள் கொடுக்கிற மரியாதை அவ்வளவுதான், ஆனால் அதை ஒழுங்காகக் கொடுப்போம்.

பூரணம் சித்தி எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தாள். புருஷன் போனபிறகு ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு ஒரே மகளை வளர்த்தவள். மகள் காளீஸ்வரி டவுனில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள், கடைக்குச் சரக்கு இறக்க வருகிற லோடு ஆட்டோக்காரனோடு பழகி, அவன் கீழத்தெருப் பையன் என்று தெரிந்தே பழகி, ஒரு நாள் அவனோடு போய்விட்டாள். கீழத்தெரு என்றால் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை, எல்லா ஊரிலும் ஒரு கீழத்தெரு இருக்கிறது. காளீஸ்வரியின் பெரியப்பா சங்கரலிங்கம், எண்ணெய் மில் முதலாளி, மேலத்தெருவில் அவர் தும்மினால் நாற்பது வீட்டிலும் ஜன்னலைச் சாத்துவார்கள், அவரே கார் எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளையைப் பார்த்து, "நம்ம கோயில்ல வச்சு நானே தாலி எடுத்துக் குடுக்கேன்மா, பெரியப்பா சொல்லுதேன், வா" என்று கூட்டிவந்தார். அது வியாழக்கிழமை சாயங்காலம். தன் வீட்டில் இறக்கிக்கொண்டார், நாளைக்குக் காலையில் மகளை அனுப்புகிறேன் என்று பூரணம் சித்திக்குச் சொல்லிவிட்டார். அவள் வெல்லம் வாங்கிவந்து பாயசம் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, பிள்ளை மறுபடியும் ஓடிவிட்டாள் என்று சொல்லியனுப்பினார். அதே காலையில் மில் ஆட்கள் இரண்டு பேர் தெருமுனைக் குழாயில் மண்வெட்டியைக் கழுவினதைத் தண்ணீர் பிடிக்கப் போன ஏழெட்டுப் பேர் பார்த்தோம். நானும் பார்த்தேன். என் குடம் நிறைந்ததும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆட்டோக்காரப் பையன் சும்மா இருக்கவில்லை, போலீசில் எழுதிக் கொடுத்தான், சனிக்கிழமை பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தது. இன்ஸ்பெக்டர் இரண்டு ஊர் தள்ளிப் பிறந்தவர், எங்கள் வழக்கம் தெரிந்தவர். சங்கரலிங்கத்தின் பெண்சாதி பாக்கியம் வீடு வீடாக வந்து வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனாள்.

"எல்லாரும் தாளிங்க. நெறையத் தாளிங்க. சாவு விழுந்த தெரு மாதிரி இருக்கக் கூடாது, அம்புட்டுத்தான்."

என் மாமியார் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து கடுகைக் கை நிறைய அள்ளி என்னிடம் கொடுத்தாள்.

"இம்புட்டு எதுக்குத்தே?"

"ஏளா வடிவு, கேள்வி கேக்காமப் போடு."

போட்டேன். நாற்பது வீட்டிலும் போட்டார்கள். பெருமழை ஓட்டுக்கூரையில் விழுகிற மாதிரி தெரு முழுக்க ஒரே சத்தம், புகை, மணம், கருவேப்பிலை பொரிகிற வாசனை. ஜீப் குழாயடியில் நின்றது, இன்ஸ்பெக்டர் இறங்கி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சாவு விழுந்த தெருவாய்யா இது? இம்புட்டு மணக்குது" என்று பக்கத்திலிருந்த போலீஸ்காரரிடம் சிரித்துவிட்டு, சங்கரலிங்கம் வீட்டில் ஒரு செம்பு மோர் குடித்துவிட்டு, பெண் வேறெங்கோ போய்விட்டாள் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அவருக்குத் தெரியாது என்று நான் இன்றைக்கும் நம்பவில்லை.

பூரணம் சித்தி மட்டும் அடுப்பு பற்றவைக்கவில்லை. ஜீப் வருவதற்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பாக்கியம் அவள் வீட்டுக்குள் போய், அவள் அடுப்பைப் பற்றவைத்து, அவள் சட்டியிலேயே, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தாளித்தாள்.

மறுநாள்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

வெடிக்காத கடுகோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று மேலத்தெரு கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்கொண்டது. முதலில் கண்ணேறு என்று நினைத்த மாதிரி காட்டிக்கொண்டார்கள், உப்பும் மிளகாயும் கடுகும் சேர்த்துத் தெருவையே சுற்றி நெருப்பில் போட்டார்கள், மிளகாய் கமறியது, உப்பு பொரிந்தது, கடுகு பேசவில்லை. பிறகு குறி சொல்லுகிற ஒரு கோடாங்கியை வரவழைத்தார்கள். அவர் கடுகை உள்ளங்கையில் பரப்பி வெகுநேரம் பார்த்துவிட்டு, "தீட்டை வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு என்னைய எதுக்குய்யா கூப்புட்டீங்க" என்று கேட்டு, வெற்றிலை பாக்குக்கூடத் தொடாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவருக்கு வயசாகிவிட்டது, முன்னே மாதிரி இல்லை என்று பேசிக்கொண்டோம்.

அப்புறம் பெண்கள் குழாயடியைத் தாண்டிப்போய் அங்கே கல்லைக் கூட்டி அடுப்பு வைத்துத் தாளிக்க ஆரம்பித்தார்கள், முதலில் நாலு பேர், பிறகு நாற்பது பேர். கரண்டியில் எண்ணெயும் கடுகுமாகப் போவோம், வெடித்ததும் மூடியைப் போட்டுத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்து குழம்பில் கொட்டுவோம், எல்லையைத் தாண்டும்போது பாதி வெடித்த கடுகு அப்படியே வாயை மூடிக்கொள்ளும். மழைக்காலத்தில் கஷ்டமாக இருக்கிறது என்று பெண்கள் முறையிட்டதைக் கேட்டுச் சங்கரலிங்கம் மனம் இரங்கி, அங்கே தகரம் போட்ட ஒரு கொட்டகை கட்டி, மூன்று கேஸ் அடுப்பு வாங்கி வைத்து, உபயம் என்று தன் பெயரைப் பெயிண்ட்டில் எழுதி மாட்டினார். அதைத் திறந்துவைத்த அன்றைக்குக் கேசரி கொடுத்தார், நான் இரண்டாம் தடவையும் வாங்கித் தின்றேன்.

பெண் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள், என்ன உங்கள் தெருவில் சமையல் சத்தமே கேட்கவில்லை என்றால், நாங்கள் அடக்கமாகச் சமைப்போம் என்று சொல்லப் பழகிக்கொண்டோம். நாலைந்து வருஷத்தில் அது ஒரு பெருமையாகவே ஆகிவிட்டது, மேலத்தெருப் பெண் என்றால் அடுப்படியில் இருப்பதே தெரியாது என்று மாப்பிள்ளை வீட்டார் தேடிவந்தார்கள். என் மகள் இந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவள், ஐந்து வயதில் என் அம்மா வீட்டில் முதல்முதலாகக் கடுகு வெடிக்கிறதைக் கிட்டத்தில் கேட்டு, பட்டாசு என்று கத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பூரணம் சித்திக்கு வேண்டியது ஒன்றுதான். செத்துவிட்டாள் என்று இந்தத் தெரு வாயைத் திறந்து சொல்ல வேண்டும், மற்ற எல்லோருக்கும் இருந்த மாதிரி அவள் பிள்ளைக்கும் பதினாறு நாள் தாளிக்காமல் இருக்க வேண்டும். சாவு விழவில்லை என்று எழுதியாகிவிட்டதால் அவள் வாய்விட்டு அழுவதற்குக்கூட வழியில்லை. ஒவ்வொரு புரட்டாசியிலும் சங்கரலிங்கம் வீட்டு வாசலில் போய் நின்று கேட்பாள், அவர் ஒவ்வொரு புரட்டாசியிலும், "உசுரோட இருக்க பிள்ளைக்குப் பதினாறு கும்புடுவாங்களா, கூறு இருக்கா ஒனக்கு?" என்று கேட்டுக் கதவைச் சாத்துவார். அந்தக் கொட்டகைக்குப் போகாமல் நாங்கள் வெறும் பதினாறு நாள் சும்மா இருந்திருந்தால் போதும். அது ஒருவருக்கும் தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன், தோன்றியவர்கள் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது, இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆரம்பத்தில், வெடிக்காத கடுகை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று எல்லோரும் மில்லுக்குப் பின்னால் ஓடைக்கரையில் கொண்டுபோய் வீசினார்கள். கரை நெடுக வீசினோம். கரிசல் மண் வெயிலில் காய்ந்து இறுகிக் கிடந்தது, எறும்பு இழுத்தது போக, காக்கை பொறுக்கியது போக, ஐப்பசி மழையில் ஒரே ஓர் இடத்தில்தான் கடுகு முளைத்தது, மண்ணைக் கொத்திப் புரட்டிப் போட்டிருந்த இடத்தில். ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம். மார்கழியில் மஞ்சளாய்ப் பூத்தது, ஓடைக்கு அந்தப் பக்கத்து ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்குக்கூடத் தெரிகிற மஞ்சள். கோலப்பொடி கொண்டு கோடு போட்ட மாதிரி ஓரம் பிசகாமல் இருந்தது.

பூரணம் சித்தி அதைப் பார்த்துவிட்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள். அங்கே இருந்தவர், "கடுகுச் செடியச் சாட்சி போடச் சொல்லுதியாம்மா?" என்று கேட்டார், பெஞ்சில் இருந்த இன்னொருத்தர் சிரித்தார். அவள் திரும்பி வருவதற்குள் சங்கரலிங்கம் ஆளை விட்டுச் செடியை அறுத்துவிட்டார். அந்த வருஷம் அறுத்தார், அதற்கு அடுத்த வருஷமும் அறுத்தார், எப்படியோ நாலு செடி தப்பி முற்றிக் கொட்டிவிடும், அடுத்த ஐப்பசிக்கு மறுபடி அதே ஆறடி, அதே இரண்டரை அடி. கீரை என்று பறித்துவந்து கடைந்தவர்களும் எங்கள் தெருவில் இருந்தார்கள். கொஞ்சம் கசக்கும், புளி விட்டால் சரியாகிவிடும் என்று எனக்குப் பக்குவம் சொன்னார்கள்.

ஏழாவது வருஷம் புரட்டாசியில் சங்கரலிங்கத்துக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மூலையில் கிடந்தபடி அவர் இடது கையால் ஜன்னல் பக்கம் காட்டிக் காட்டி என்னமோ சொன்னார், வாய் கோணிக்கொண்டதால் யாருக்கும் விளங்கவில்லை, காற்று வேண்டுமாக்கும் என்று ஜன்னலை அகலமாகத் திறந்துவைத்தார்கள். செடியை அறுக்க ஆளில்லை. அது தன் பாட்டுக்குப் பூத்து, காய்த்து, தை மாதத்தில் காய்ந்தது. பூரணம் சித்தி ஒரு பழைய சேலையை விரித்து, பட்டப்பகலில், யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், ஒவ்வொரு செடியாகப் பிடுங்கி அடுக்கி, குச்சியால் தட்டி, முறத்தில் புடைத்து, ஓர் உழக்குக் கடுகு எடுத்துக்கொண்டு போனாள். எதிரே வந்த நான் ஒதுங்கி வழி விட்டேன்.

மாசி பிறந்து நாலாம் நாள் சங்கரலிங்கம் செத்துப்போனார். ஊரே கூடியது, தேர்ப்பாடை கட்டினார்கள், வேட்டு வெடித்தார்கள். கொட்டகையின் மூன்று அடுப்பையும் அணைத்து, அவர் படத்துக்கு ஒரு மாலையைப் போட்டுத் தகரத்தில் மாட்டி, பதினாறு நாளைக்கு இந்தப் பக்கம் ஒருத்தரும் வரக் கூடாது என்று கயிற்றைக் கட்டினார்கள். ஏழு வருஷமாகத் தோன்றாதது ஒரே நாளில் எல்லோருக்கும் தோன்றிவிட்டது.

இரண்டாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். துக்கத்துக்கு வந்தவர்கள் தெரு நீளப் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது பூரணம் சித்தி வீட்டுக்குள்ளிருந்து முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு சடசடவென்று, கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது. ஏழு வருஷம் கழித்து எங்கள் தெருவில் கேட்ட அந்தச் சத்தத்தில் பந்தலில் பேச்சு நின்றுபோனது, சின்னப் பிள்ளைகள் அம்மாமார் மடியில் ஏறிக்கொண்டன, எனக்கு வாயில் எச்சில் ஊறியது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

இன்னும் தாலி அறுக்காத பாக்கியம் அப்படியே தலைவிரிகோலமாக எழுந்து போனாள். பின்னாலேயே நாங்கள் எல்லோரும் போனோம்.

"சாவு விழுந்து ரெண்டாம் நாளு. தெருவுல வச்சுத் தாளிக்கியே பூரணம், ஒனக்கெல்லாம் நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?"

பூரணம் சித்தி அடுப்பைத் தணித்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"இதே சட்டிதான்க்கா. நீ தாளிச்ச சட்டி. அன்னைக்கு எம்பிள்ளைக்கும் ரெண்டாம் நாளு."

பாக்கியம் விரிந்த தலையை அள்ளிக் கட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். மற்றவர்கள் போகவில்லை. எல்லோருடைய கண்ணும் அந்த உழக்கின் மேலே இருந்தது. கடைசியில் என் மாமியார்தான் கேட்டாள், அவளுக்கு எதையும் கேட்கக் கூச்சம் கிடையாது.

"பூரணம், அந்தக் கடுகுல எனக்கு ஒரு கிள்ளு குடேன்."

"குடுக்கேன். எங்க வெளைஞ்சதுன்னு சொல்லிட்டு வாங்கிக்கோ."

மாமியார் என்னைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், வந்த வழியே போய்விட்டாள். அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம், தெரு கண்ணயர்ந்த நேரத்தில், ஒருத்தி போனாள். அதற்கு மறுநாள் இரண்டு பேர். கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, ஆள் பார்க்காத நேரம் பார்த்துப் பார்த்து, பத்து நாளைக்குள் முக்கால்வாசித் தெரு போய்விட்டது. ஏழு வருஷம் அவள் வாசலில் நின்று கேட்டும் கிடைக்காத சாட்சி, ஒரு கிள்ளுக் கடுகுக்கு வரிசையில் வந்து நின்றது. ஒவ்வொருத்தியாகக் குனிந்து அவள் காதில் சொன்னார்கள். அவள் ஒவ்வொருத்திக்கும் அளந்து மூன்று விரல் கிள்ளிப் போட்டு, ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"அஞ்சறைப்பெட்டியில கலந்து வையி. கடைசி ஆளு வந்து சொல்லுத நாள்லேருந்து பதினாறு நாளு கழிச்சுத் தாளி. எம்பிள்ளைக்கு அது போதும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் போனேன், என் வீட்டுக்காக மாமியார் அனுப்பினாள் என்று சொல்லிக்கொண்டு போனேன்.

"எங்க வெளைஞ்சது, வடிவு?"

"மில்லுக்குப் பின்னால, சித்தி. ஓடைக்கரையில. காளீஸைப் பொதைச்ச எடத்துல." அப்புறம், அவள் கேட்காமலேயே, "மம்பட்டி கழுவுனத நான் பாத்தேன்" என்றேன்.

"தெரியும். குடம் தூக்கிட்டுப் போனியே, நான் வாசல்லதான் நின்னேன்" என்றாள், கோபமே இல்லாமல். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"வெடிக்கும்னு ஒங்களுக்குத் தெரியுமா சித்தி?"

"தெரியாது. தாளிக்கணும்னு தோணுச்சு."

கடைசி ஆள் பாக்கியம். சங்கரலிங்கத்துக்குப் பதினைந்தாம் நாள், மறுநாள் கருமாதிக்கு முந்நூறு பேருக்குச் சமையல், குழம்பில் கடுகு வெடிக்காமல் உறவுக்காரர்களுக்கு எப்படிப் போடுவது என்று அவள் மகன்கள் நச்சரித்திருக்கிறார்கள். வெள்ளைச் சேலையில் வந்து வாசற்படியில் நின்றாள். நான் அப்போது உள்ளேதான் இருந்தேன், ஜாக்கெட் ஒன்றைப் பிரித்துத் தைக்கக் கொண்டுபோயிருந்தேன். எங்கே விளைந்தது என்று பூரணம் சித்தி அவளிடம் கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள்.

"என்னக்கா உடுத்திருந்தா?"

பாக்கியம் கிண்ணத்தை வாசற்படியில் வைத்தாள்.

"பச்சைச் சுடிதாரு. ஷாலு இல்ல. ஷாலு எங்க வீட்டுக் கொடியிலேயே கெடந்துச்சு."

"சாப்ட்டாளா?"

"ரெண்டு தோசை. அம்மா பாயசம் வச்சிருக்கும், வயித்துல எடம் விடணும்னு மூணாவது வேணாம்னுட்டா."

பூரணம் சித்தி தலையை ஆட்டினாள், ஒரு சாதாரணச் சேதியைக் கேட்டுக்கொண்ட மாதிரி இரண்டு தடவை ஆட்டினாள், பிறகு உழக்கைச் சாய்த்து மிச்சமிருந்ததைப் பாக்கியத்தின் கிண்ணத்தில் கொட்டினாள். அதன்பிறகுதான் அழுதாள். ஏழு வருஷம் நாலு மாதம் அடக்கி வைத்த அழுகை, வாயைப் பொத்தாமல், தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதாள், பக்கத்து வீட்டில் ஒரு ஜன்னலைச் சாத்தினார்கள். நான் அவள் முதுகில் கை வைத்தேன், அவள் தள்ளவுமில்லை, சாயவுமில்லை. "இன்னைக்கு ஒண்ணு" என்றாள் கடைசியில், மகளுக்கு முதல் நாள் என்று கணக்கு வைத்துக்கொண்டு.

மறுநாள் கருமாதி. பத்து மணிக்கு முதல் சத்தம் பாக்கியம் வீட்டில் கேட்டது, பெரிய அண்டாவுக்குத் தாளிக்கிற சத்தம். அது தொடங்கிவைத்த மாதிரி பக்கத்து வீட்டில், எதிர் வீட்டில், அதற்கடுத்த வீட்டில், தெரு முழுக்க வெடித்தது. பூரணம் சித்தி கொடுத்த ஒரு கிள்ளு, பாலில் விட்ட உறைமோர் மாதிரி, அஞ்சறைப்பெட்டியில் இருந்த எல்லாக் கடுகையும் தன் பக்கம் இழுத்துவிட்டிருந்தது. கடுகுக்கு ரோஷம் இருக்கிறது என்று ஏழு வருஷம் நினைத்திருந்தேன், அதுவும் எங்கள் தெருவில் இருந்து பழகிவிட்டது போல.

என் மாமியார் கரண்டியை என்னிடம் நீட்டினாள்.

"அத்தே, இன்னைக்குத்தான் ரெண்டாம் நாளு. பதினாறு நாளுன்னு சித்திகிட்டச் சொல்லிட்டு வந்திருக்கோம்."

"இப்பத்தான பதினாறு நாளு பொறுத்தோம். அவருக்குப் பொறுத்ததுலயே அந்தப் பிள்ளைக்கும் சேத்து ஆச்சு. ஒரே குடும்பந்தான, பெரியப்பாவும் மகளும். ரெண்டு தடவை எதுக்கு?"

இதை அவள் கெட்ட மனசோடு சொல்லவில்லை, கணக்கு சரியாக வருகிறது என்று நிஜமாகவே நம்பிச் சொன்னாள், தெருவில் எல்லா வீட்டிலும் அன்றைக்கு இதையே சொல்லியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. கொன்றவனுக்குப் பிடித்த துக்கத்தில் செத்தவளையும் சேர்த்துக் கழித்துவிட்டார்கள். கரண்டி என் கையில் இருந்தது, எண்ணெய் காய்ந்துவிட்டது, புகைந்தால் கசக்கும். போட்டேன். வெடித்தது.

சாயங்காலம் ஜாக்கெட் வாங்குகிற சாக்கில் போனேன். பூரணம் சித்தி வாசலில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் தாளிக்காத குழம்பு ஆறிப்போய் இருந்தது.

"ஒங்க வீட்லயும் வெடிச்சுதா?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல மனசு வரவில்லை. "வெடிச்சுது சித்தி" என்றேன்.

"சாவு விழுந்த தெருவா இது?" என்றாள். இன்ஸ்பெக்டர் கேட்ட அதே கேள்விதான், அவர் சிரித்துக்கொண்டு கேட்டார். பிறகு ஜாக்கெட்டை மடித்துக் கொடுத்துவிட்டு, "நடுவுல ஒரு சத்தம் கேட்டாலும் மொதல்லேருந்துதான் எண்ணணும். நாளைக்கு ஒண்ணு" என்று சொல்லி உள்ளே போனாள்.

அதற்கப்புறம் நாலு வருஷம் ஆகிவிட்டது. கொட்டகையைப் பிரித்துத் தகரத்தை விற்றுவிட்டார்கள். ஓடைக்கரையில் கடுகு இப்போது முளைப்பதில்லை, அந்த இடத்தில் மில்லுக்கு ஒரு லாரி ஷெட் வந்துவிட்டது. ஆட்டோக்காரப் பையன் திருப்பூருக்குப் போனவன், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான் என்று கேள்வி. பெண் பார்க்க வருகிறவர்கள், என்ன மணம், என்ன கலகலப்பு என்று சொல்லிக்கொண்டே தெருவுக்குள் வருகிறார்கள். நான் தாளிப்பதை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. விடவில்லை. தாளிக்காத குழம்பு என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் இறங்காது, இரண்டு நாள் முயற்சி செய்தேன், மூன்றாம் நாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். காலை ஏழரைக்கு எண்ணெய் காய்ந்ததும் மூன்று விரலால் கிள்ளிப் போட்டுவிட்டு முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறேன். அது வெடித்து அடங்குகிற நேரத்தில், மூன்று வீடு தள்ளி, பூரணம் சித்தி சுவரில் கரியால் போட்ட கோட்டை ஈரத்துணியால் அழித்துவிட்டு மறுபடி ஒன்று போடுவாள்.